பின்சக்கரம் ஏன் சுடுகிறது?

ஓடுகிற வண்டியை நிறுத்துவதே பிரேக்கின் தொழில் என்று நாம் சொல்வோம். பௌதிக சாஸ்திரம் அதையே வேறு விதமாகச் சொல்லும். வண்டியின் ஓட்டத்தில் அடங்கிய சக்தியை வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைக் காற்றில் கலக்கவிடுவதே பிரேக்கின் தொழில். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கும்பொழுது பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஏறக்குறைய 33 டிகிரி உயர்த்தப் போதுமானது. அதே கார் சிம்லாவிலிருந்து கால்காவுக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி 40 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்க வைக்க வல்லது. எஞ்சினும் காற்றும் ஏற்பது போக, மிச்சம் அனைத்தையும் பிரேக்குகளே தாங்கியாக வேண்டும்.

ஆகவே பிரேக் சுடுவது குற்றமன்று. சுட வேண்டாத வேளையில் சுடுவதே குற்றம். சமதரையில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல், பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்த பின் ஒரு பின்சக்கரம் மட்டும் கொதிக்கிறது என்றால், அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்பது பொருள். பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரங்களே பெரும் பங்கு வேலையைச் செய்கின்றன. பின்சக்கரங்கள் பொதுவாக அவற்றினும் குறைவாகவே சுட வேண்டும். இம்முறை தலைகீழானால் கவனிக்க வேண்டும்.

2014ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாஸடர், 1983 முதல் 2014 வரை வெளிவந்த மாருதி 800, இன்றைய சிறிய கார்கள் பல ஆகியவற்றில் பின்சக்கரப் பிரேக் டிரம் வகையைச் சேர்ந்தது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மினுள் பிறை வடிவான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. காலால் மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் அவற்றை விரிக்கிறது. கைப்பிரேக்கை இழுத்தால் ஒரு கேபிள் அதே ஷூக்களை விரிக்கிறது. இரண்டையும் விட்டவுடன் ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பின்னுக்கு இழுக்கின்றன. பிடிக்கச் செய்வன இரண்டு, விடுவிப்பது ஒன்று. பிரேக் விடாமல் பற்றிக்கொண்டால், ஆயில் அழுத்துகிறதா, கேபிள் இழுக்கிறதா, அல்லது டிரம்மினுள்ளே ஷூ திரும்ப மறுக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் போதும்.

முதலில் அறிகுறிகளைப் பார்ப்போம். கியரை நியூட்ரலில் வைத்தால் வண்டி உருண்டு செல்லாமல் விரைவில் நின்றுவிடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். லைனிங் கருகும் நாற்றம் வரும். சக்கரத்தின் நடுப்பாகத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். விரல் நுனியால் இரண்டு சொட்டு நீரைத் தெளித்தால், அது 'சுர்' என்று ஆவியாவதே சாட்சி சொல்லும். வலம் இடம் இரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. சூடான டிரம்மின் மேல் வாளி நீரைக் கொட்டுவது கூடாது, இரும்பு வெடித்துவிடக்கூடும். பேரிங் கெட்டாலும் சக்கரம் சுடும். ஆனால் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் உறுமும் ஓசையும், ஆட்டினால் தளர்ச்சியும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். ஆறிய பிறகு பல பிரேக்குகள் தாமாகவே விட்டுவிடும். அப்பொழுது பட்டறைக்காரர் குற்றமே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆதலால் குற்றம் வெளிப்பட்டிருக்கும்போதே, தோல் சுட்டுக்கொள்ளாமல், பார்ப்பது நலம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் செல்லலாகாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கைப்பிரேக்கை முழுதும் விடுக. சக்கரத்தைக் கையால் சுழற்றுக. இலேசாக உரசும் ஓசை டிரம் பிரேக்குக்கு இயல்பு. சுழலவே மறுப்பதுதான் கோளாறு.

முதலாவதாக, கைப்பிரேக் கேபிளைச் சரிசெய்யும் திருகாணியைத் தளர்த்துக. சக்கரம் உடனே சுழன்றால் குற்றம் கேபிளில் இருக்கிறது. அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம். அல்லது மழைநீர் புகுந்து உறைக்குள் துருவேறியிருக்கலாம். துருவேறிய கேபிளை எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவதைவிட மாற்றிவிடுவதே நன்று.

கேபிளைத் தளர்த்தியும் விடவில்லை என்றால், வீல் சிலிண்டரின் பின்னுள்ள காற்றெடுக்கும் நிப்பிளைச் சிறிது திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டு வெளிப்பட்டுச் சக்கரம் சுழன்றால், திரும்பிச் செல்ல வேண்டிய ஆயில் வழியில் சிறைப்பட்டிருந்தது என்று தெளியலாம். ஒரு சக்கரம் மட்டும் என்றால் அதற்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கலாம். பல வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே ஹோஸ்தான். அங்கே இரண்டும் சேர்ந்து பிடிக்கும். நான்கு சக்கரங்களும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரை நோக்க வேண்டும். பெடலுக்குச் சிறிதளவு வெற்று அசைவு இல்லாவிட்டாலும், பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றி ரப்பர் கப்புகள் வீங்கிவிட்டாலும், ஆயில் திரும்பும் துவாரம் அடைபடும்.

நிப்பிளைத் திறந்தும் பயனில்லை என்றால் டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். துருப்பிடித்து நகர மறுக்கும் பிஸ்டன், சூட்டினால் நீலம் பாரித்துத் தளர்ந்த ஸ்பிரிங், மிகையாக நெருக்கி வைத்த ஷூ ஆகியவற்றுள் ஒன்று அங்கே காணப்படும். உள்ளே உள்ள தூளை ஊதித் தள்ளக்கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். லைனிங்கையும் ஸ்பிரிங்கையும் இருபுறமும் ஒருங்கே மாற்றுவது முறை. நிப்பிளைத் திறந்திருந்தால், காற்று முழுவதையும் வெளியேற்றி, பெடல் உறுதியான பின்னரே சாலைக்கு வர வேண்டும்.

சற்றுச் சுடுவதற்கு இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்துப் புதிய ஆயில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கோ அந்த எல்லை 140 டிகிரிதான். நம் பருவமழை நாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. பற்றிக்கொண்ட சக்கரத்தின் சூட்டில் ஆயில் விரிகிறது. திரும்ப வழியில்லாதபோது, விரிந்த ஆயில் ஷூவை மேலும் அழுத்துகிறது. அதனால் சூடு மேலும் மிகுகிறது. இப்படிக் குற்றம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. முடிவில் ஆயில் கொதித்துக் குமிழியாகிறது. குமிழி அமுங்கும், அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. விடாமல் பிடித்த பிரேக்கே, மலை இறக்கத்தில், பிடிக்காத பிரேக்காக மாறிவிடுகிறது.

மலைப்பாதையில் கருகல் நாற்றம் வந்தால் கியரைக் குறைத்து, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துக. கொதிக்கும் டிரம்மின் மேல் கைப்பிரேக்கை இழுத்து வைத்தால், ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இறுகப் பற்றிவிடும். எஞ்சினை நிறுத்தி, கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கல்லால் முட்டுக் கொடுப்பதே நலம். புறப்படும்போது அந்தக் கல்லைச் சாலையோரத்தில் ஒதுக்கிவிட மறக்கலாகாது. இரவில் வருகிறவருக்கு அது எமனாகும்.

மழைக்காலத்தில் பல நாள் வண்டியை நிறுத்திச் செல்வோரும் இவ்வாறே கியரும் முட்டுக்கட்டையும் கொண்டு நிறுத்தட்டும். கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் லைனிங் துருவினால் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம். நீண்ட பயணத்தில் தேநீருக்காக நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், நான்கு சக்கரங்களையும் ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். அதற்கு ஒரு நிமிஷம் போதும். நான்கில் ஒன்று மட்டும் அனல் வீசினால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் தேநீர்க் கடை வாசலே தவிர, மலைப்பாதையின் வளைவு அன்று.