கல் காத்த குலவரலாறு
(கும்பாபிடேக விழாச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்

 

திருக்கோயில் இறைவன் எழுந்தருளியிருக்கும் இடம் என்பது யாவரும் அறிந்தது. அதுவே முன்னோர் வரலாற்றைக் காக்கும் ஆவணக்களரியும் ஆகும் என்பது பலரும் நினையாதது. ஓலையைச் செல் அரிக்கும். செவிவழிச் செய்தி மூன்று தலைமுறையில் மங்கும். கல்லில் வெட்டியதோ ஆயிரம் ஆண்டு நிற்கும். இதற்குச் செம்பியன் மாதேவியார் வரலாறே தக்க சான்று.

இவ்வம்மையாரின் குலவரலாற்றை முற்றக் கூறும் பழைய நூல் இல்லை. சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தொகுத்தே அறிஞர் அதனைக் கண்டனர். மழவரையர் மகளார் என்று கல்வெட்டுகள் கூறுதலின் பிறந்த குடி தெரிந்தது. கண்டராதித்த தேவரின் தேவியார் என்றமையாற் புகுந்த குடி தெரிந்தது. உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்றமையால் மகன் யார் என்பது தெரிந்தது. செம்பியன் மாதேவி என்பதோ சோழர்தம் பெருந்தேவி எனப் பொருள்படும் சிறப்புப் பெயர்.

பிறந்த நாண்மீனும் கோயிற் சுவரிலிருந்தே கிடைத்தது. நாகப்பட்டினத்திற்கு அண்மையில் அம்மையார் பெயராலேயே அமைந்த ஊர் ஒன்று உண்டு. அங்குள்ள கயிலாயநாதர் கோயிலில், உத்தம சோழரின் தேவியர் தம் மாமியார் பிறந்த கேட்டை நாளுக்கென நிவந்தம் வைத்தனர். மருமகளிர் அன்பினாற் செய்த அறம் பிற்காலத்தார்க்குப் பிறப்புக் குறிப்பாயிற்று.

கணவரைப் பற்றிய சான்று திருமுறையுள்ளேயே உளது. ஒன்பதாந் திருமுறையில் தில்லைப் பெருமானைப் பாடிய கண்டராதித்தர், தம் பெயரைப் பதிகத்தின் முடிவில் வைத்தார். பாண்டி நாடும் ஈழமும் கொண்ட சோழன் தில்லையைப் பொன்னால் அணி செய்ததையும் அதனுட் கூறினார். அச்செயல் முதற் பராந்தகனுக்கு (907–955) உரியது. ஆகலின், பாடிய அடியாரும் அவன் மகனாகிய அரசரும் ஒருவரே என்பது துணியப்பட்டது.

1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இத்தொடர்பை உறுதி செய்தன. முதல் இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டிற்குரிய அவை, கண்டராதித்தர் மகன் மதுராந்தகன் என்கின்றன. அவனே உத்தம சோழன். சிறிய தந்தை விரும்புமளவும் அரசுரிமையை நாடாது, அவனுக்குப் பின் 985-இல் முடிபுனைந்தவன் முதல் இராசராசன்.

கல்லும் செப்பேடும் திருமுறையும் ஒத்தவிடத்தே அறிஞர் முடிபு கொண்டனர். ஐயம் நின்றவிடத்து விரையாது நின்றனர். கண்டராதித்தரை மேற்கெழுந்தருளின தேவர் என்று கல்வெட்டுகள் குறிக்கும். அது மறைவைக் குறிப்பது என்பர் சிலர். மேற்றிசைச் செலவைக் குறிப்பது என்பர் வேறு சிலர். இத்தகைய பொறுமையே குலவரலாறு காண்பார்க்கு வேண்டுவது.

கணவரை இழந்த அம்மையார் சிவத்தொண்டிலே வாழ்நாளைக் கழித்தார். செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவர் சிவபெருமானை வழிபடும் உருவத்தையும் சுவரில் அமைப்பித்தார். அத்திருப்பணியை நின்று முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரையும் அங்கே காணலாம். அரசர் பெயரோடு பணி செய்தார் பெயரும் நிலைபெற்றது!

திருக்கோடிகாவில் அம்மையார் செய்தது இன்னும் உயர்ந்தது. அக்கோயிலைக் கல்லாற் புதுக்குங்கால், பழங்கற்களில் இருந்த பல்லவர் காலம் முதலான சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் வெட்டுவித்தார். வேற்றுக் குடியினர் செய்த அறங்களாயினும் அவற்றின் நினைவு அழியலாகாது என்று கருதிய உள்ளம் அது. பிறர் வரலாற்றைக் காத்தவர் வரலாற்றைக் கல்லும் காத்தது.

அன்பர்களே! இந்நாளில் திருப்பணி என்னும் பெயரால் சில கோயில்களில் நேர்ந்தது என்ன? சுண்ணமும் வண்ணமும் பூசி எழுத்துகள் மறைக்கப்பட்டன. மணலை விசையோடு வீசிக் கல்லைத் துலக்கியதால் எழுத்துகள் தேய்ந்தன. எழுத்துடைய கற்கள் தரைக்குப் பாவப்பட்டன. ஒரு வரி தேயின் ஒரு குடியின் அறம் தேயும். ஒரு கல் மறையின் ஒரு தாயின் பெயர் மறையும்.

ஆதலின், கோயிலைப் புதுக்குவோர் கல்லைத் தொடுமுன் எழுத்தை மைப்படி எடுக்கச் செய்க, படித்தறிந்தாரை வினவுக, பெயர்த்த கல்லை உரிய இடத்திலேயே வைக்க. இல்லந்தோறும் உள்ள பழைய ஓலைகளையும் அறக்கட்டளைப் பத்திரங்களையும் இளைஞர் படித்துக் காக்க. திருக்கோடிகாவில் அம்மையார் காட்டிய நெறி இதுவே. குடமுழுக்கு நீர் கல்லைக் குளிர்விக்கட்டும். கல்லின் எழுத்தை அழிக்காதிருக்கட்டும்!

மேன்மைகொள் சைவம் வாழ்க! திருப்பணிச் செல்வர் வாழ்க!

திருச்சிற்றம்பலம்