ஏடு எழுந்தருளும் விழா

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழிப் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தை ஓதி நிறைவு செய்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு, இன்று நான் சொல்லப்போகும் யூதர் விழா அந்நியமாகத் தோன்றாது.

யூதர்களின் வேதம் தோரா. தோல்சுருளில் கையால் எழுதிய ஐந்து நூல்கள். வாரம் ஒரு பகுதியாக ஓதி ஓராண்டில் முடிப்பார்கள். முடித்த அன்றே முதலிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் அந்த நாள்தான் சிம்ஹத் தோரா.

இந்த விழாவைப் பற்றித் தோராவிலேயே ஒரு சொல் கிடையாது. கி.பி. 70இல் ரோமானியர் ஜெருசலேம் கோயிலை இடித்தார்கள். பலி நின்றது. கோயிலை இழந்த மக்கள் ஓதுவதையும் தொழுவதையுமே வழிபாடாக்கிக்கொண்டார்கள். பாலஸ்தீனத்தில் ஓதி முடிக்க மூன்றாண்டு போல ஆனது, பாபிலோனில் ஓராண்டு. பாபிலோன் முறை நிலைத்தது, அதிலிருந்து விழா பிறந்தது.

இந்த யூதர்கள் நமக்குத் தொலைவானவர்கள் அல்ல. இராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை தாண்டும் சாலை கொல்லத்துக்குப் போகிறது. அங்கே 849இல் ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்காக வேணாட்டு அய்யனடிகள் தந்த செப்பேட்டில், யூதர்கள் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதப்பள்ளி என்னும் தொழுகைக்கூடம், அரண்மனைக் கோயிலை ஒட்டியே நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிம்ஹத் தோரா அன்று பிற்பகலில் சுருள்களை வெளியே எடுத்துப் பள்ளியைச் சுற்றி வந்தார்கள். பக்கத்தில் சாமி எழுந்தருள்வதைப் பார்த்துப் பழகிய மக்கள் அல்லவா! இதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மண்ணில் மரியாதை எப்படிச் செய்வார்களோ, அப்படித் தங்கள் வேதத்துக்குச் செய்தார்கள்.

மண்ணின் கேடும் கூடவே வந்தது. அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சிலரை அதே பள்ளியில் ஒதுக்கி வைத்தார்கள். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தே சம இடம் கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதைப் பல நாடுகளில் மரபு வழுவாத யூதர்கள் ஏற்பதில்லை. கொச்சியில் பெண்கள் கல்யாணத்திலும் திருநாளிலும் எல்லோர் முன்னும் மலையாளத்தில் பாடினார்கள். ஆண்டாள் பிறந்த ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை புரியும். பாட்டுகளை நோட்டில் எழுதி வைத்து, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். 1950களின் நடுவில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் கூடப் போயின. அந்தப் பாட்டுகள் 2004இல் ஜெருசலேமில் குறுந்தகடாக வெளிவந்தன, மலையாளத்திலேயே.