மீனுக்குப் பேர் வந்த கதை

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை, ரெண்டு ஆடு, குழுக் கணக்கு, இதுதான் என் உலகம். மீன் பேரைப் பற்றி நான் ஏன் பேசணும்? ஒரு பேர் தெரியாததால் எங்கள் குழு பணத்தை இழந்தது, அதனால்தான்.

ஊர்க் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து ரோகுக் குஞ்சு விட்டோம். "நாட்டுக் கெளுத்தியும் விடுங்கம்மா, சீக்கிரம் எடை வரும்"னு ஒரு வியாபாரி சொன்னார். நம்பி வாங்கினோம். மூணாம் மாசம் ரோகு பாதியைக் காணோம். மீன்வளம் படித்த தம்பி ஒருத்தர் வந்து வலையைப் பார்த்ததும், "அக்கா, இது கிளாரியாஸ் கேரிபைனஸ், ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்த மீனைத் தின்னுடும். நம்ம நாட்டில் வளர்க்கத் தடை" என்றார். குட்டையை இறைத்து, அத்தனையையும் பிடித்துக் குழியில் புதைத்தோம். கடன் தவணையைக் கைக்காசு போட்டுக் கட்டினோம்.

கேரிப் என்பது தென்னாப்பிரிக்காவில் ஓடும் ஆரஞ்சு ஆற்றின் இன்னொரு பேராம். அது வந்த இடம் பேரிலேயே இருக்கு! அன்றிலிருந்து மீன் பேர்களை விசாரிக்க ஆரம்பித்தேன்.

நம்ம ஆட்கள் கண்ணால் பார்த்ததை, கையில் பட்டதை வைத்துப் பேர் வைப்பார்கள். தேள் மாதிரி கொட்டுவது தேளி. ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த திலாப்பியாவையும் ஜிலேபிக் கெண்டை ஆக்கிவிட்டோம். ஆனால் ஊருக்கு ஊர் பேர் மாறும். விற்கிறவர் வாய்க்கு வந்த பேரும் சொல்லலாம். அதுக்குத்தான் உலகத்துக்கே பொதுவாக அறிவியல் பேர். விலங்குகளுக்கு இந்த ரெட்டைப் பேர் முறையை 1758-ல் நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். முதல் சொல் வீட்டுப் பேர் மாதிரி, அடுத்த சொல் ஆளைக் காட்டும்.

இதில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருக்கும் தரங்கம்பாடியில் அப்போது டென்மார்க் ஆட்சி. அங்கிருந்த ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே ப்ளாக் என்ற டாக்டர் பேர் வைத்தார். தரங்கம்பாடித் தேளிக்கு 1794-ல் அவர் வைத்த பேர் 'பாசிலிஸ்'. தோண்டி எடுத்தது என்று அர்த்தம். அரியலூர்க்காரர்களுக்குப் பாசில் என்றால் சொல்லவே வேண்டாம். ஏரி வற்றும்போது சேற்றில் கிடக்கும் மீனுக்குப் பொருத்தமான பேர்தானே! விராலுக்கு 'ஸ்ட்ரையேட்டா', கோடு போட்டது.

பனையேறிக் கெண்டை கதையைக் கேளுங்கள். 1791-ல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டென்மார்க் படை அதிகாரி எழுதி, 'ஏறுவது' என்று பொருள்படும் பேரும் வைத்தார். அது அச்சானது 1797-ல். ஆனால் ப்ளாக் 1792-லேயே 'டெஸ்டுடினியஸ்', அதாவது ஆமை போன்றது, என்று அச்சிட்டுவிட்டார். முந்தி அச்சானதுதான் செல்லும் என்பது விதி. பனையேறி என்ற பேர் நம்ம வாயோடு நின்றுவிட்டது. கட்லா, ரோகுக்கு மட்டும் வங்காளத்து மக்கள் கூப்பிட்ட பேரை வைத்தே ஹாமில்டன் என்பவர் 1822-ல் எழுதினார். அது உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

எழுதினதுதான் நிற்கும். இது நமக்குப் புதுசா? தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு வங்கியில் செல்லுமா?

அதனால் ரெண்டு வேண்டுகோள். மீன் குஞ்சு வாங்கும் குழுக்கள் ரசீதில் ஊர்ப் பேரோடு அறிவியல் பேரையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள். அடுத்து, உங்கள் ஊர் ஏரி மீன்களின் பேர்களை வயசான அம்மாக்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களோடு அந்தப் பேர்களும் போய்விடக் கூடாது.