சாவு வீட்டில் பேசும் இறையியல்



தமிழ்ச் சங்க மேடையில் கத்தோலிக்க இறையியலுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இந்த அவையிலேயே சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வந்தவர்கள் இருக்கிறீர்கள். கடை நடத்துகிறவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிவஞானபோதத்துக்கு உரை கேட்பதைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் புதுநன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் மறைக்கல்வி படித்ததோடு சரி. அதற்குமேல் சாமியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

ஆனாலும் இறையியல் பேசாத கத்தோலிக்கர் யாருமில்லை. சாவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருக்குப் பிடிச்சுப்போச்சு, எடுத்துக்கிட்டார்" என்கிறோம். கூடத்து மூலையில் ஒருவர், "யார் செஞ்ச பாவமோ" என்று முணுமுணுக்கிறார். இரண்டுமே கடவுள் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் பேச்சுதான். யோசிக்காமல் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தத் தாய் அதை எத்தனை வருடம் சுமப்பாளோ!

திருவிவிலியத்தின் யோபு நூலை முழுக்கப் படித்தவர்களுக்கு அந்த மூலைப் பேச்சு புதிதாக இருக்காது. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் கிடக்கும் யோபுவைப் பார்க்க நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்ததும், நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், ஒத்துக்கொள் என்று குடைகிறார்கள். யோபுவோ கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடுகிறார். கடவுள் யோபுவையும் அதட்டத்தான் செய்கிறார். ஆனால் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடைசி அதிகாரத்தில் அவர் சினந்துகொள்வது, தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள் மேல்.

இந்த யோபு கதைக்கும் நம் மண்ணுக்கும் ஒரு பெரிய உறவு உண்டு. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னாளில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பணியாற்றினார். டிலனாய் கத்தோலிக்கர், குருவானவர் அல்ல. அரசுப் பணியில் இருந்த நீலகண்டப் பிள்ளை கால்நடைகளை இழந்து, விளைச்சலும் கெட்டு மனமுடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. கேட்டவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தார். 2022 மே 15ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஒரு படைவீரர் தாம் படித்ததை மனம் நொந்த நண்பருக்கு உரிய நேரத்தில் எடுத்துச் சொல்லத் தெரிந்து வைத்திருந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்ல வரும்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் பலர் இறையியல் கற்க வேண்டும் என்று விரும்பியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை அவர்களின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. ரொம்பக் கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்கிற பயம்தான் நம்மை வாசலிலேயே நிறுத்துகிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, முதலில் எதிர்த்தரப்பு வாதங்களை அடுக்கிவிட்டுத்தான் தம் விடையைச் சொல்வார். சைவ நூலாகிய சிவஞான சித்தியாரிலும் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம் முடிந்த பிறகுதானே தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் வருகிறது? மறுப்பைக் கண்டு அஞ்சாத மரபில் வந்தவர்கள் நாம்.

இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் பல மதத்தாரோடும் மதமே இல்லாதவர்களோடும் பழகுகிறார்கள். கடவுள் நல்லவர் என்றால் ஏன் இத்தனை போர், ஏன் பாட்டிக்குப் புற்றுநோய் என்று வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்கினால், அதற்குப் பிறகு அவர்கள் நம்மிடம் கேட்கவே மாட்டார்கள்.

அதனால் நிர்வாகிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மாதம் ஒரு மாலை சங்கத்தின் சிறிய அறையை எங்களுக்குத் தாருங்கள். திருவிவிலியத்திலிருந்து யோபுவைத் தமிழில் வாசிப்போம், 42 அதிகாரங்களையும், நண்பர்களின் பேச்சைக்கூட விட்டுவிடாமல். சைவ, வைணவ, இசுலாமியச் சொந்தங்களும் வந்து உட்காருங்கள். நீங்கள் கேட்கிற கேள்விதான் எங்களை ஒழுங்காகப் படிக்க வைக்கும்.