வீட்டுத் தொட்டியில் சிறு சிக்லிட் மீன்கள்

திருவனந்தபுரத்துத் தம்பானூர், இரயிலை விட்டுப் பேருந்து ஏறுவோர்க்கு வெறும் வழியிடை. ஆங்கே குடியிருக்கும் நமக்கோ, அலுவல் முடிந்து வந்து அமரும் இடம். அம்மாலைப் பொழுதுகளைச் சில ஆண்டுகளாகக் கண்ணாடித் தொட்டி ஒன்று நிறைத்து வருகிறது. அதில் வாழ்வன சிக்லிட் குடும்பத்துச் சிறு மீன்கள். வெளிமாநிலங்களில் இரண்டு அறை வீட்டில் வாழும் நம்மவர்க்கு ஏற்ற பொழுதுபோக்கு இஃது என்பதால், பட்டறிந்தவற்றைக் கூற விழைகின்றோம்.

கரிமீனும் திலேப்பியாவும் சிக்லிட் குடும்பத்தவையே. ஆயினும் அவை தொட்டிக்கு மிகப் பெரியவை. ஏறக்குறைய பத்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும் வகைகளே வீட்டுக்கு உகந்தவை. கடைகளில் கிடைப்பவற்றுள் இரண்டு சிறப்பானவை. ஒன்று, ஒரினோக்கோ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்த ராமிரேசி. 1948இல் அறிவியற்பெயர் பெற்றது. மற்றொன்று, அமேசான் பகுதியின் அபிஸ்டோகிராமா.

நாம் முதலில் வாங்கியது ஓர் இணை ராமிரேசி. தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே அவற்றை விட்டோம். ஒரு வாரத்துக்குள் இரண்டும் மாண்டன. பிழை மீனுடையதன்று; நம்முடையதே. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு எழுகின்றது. அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருப்பவனே மீன் வளர்க்கத் தக்கவன். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்காமல் தொட்டியில் ஊற்றலாகாது என்பதையும் நினைவிற்கொள்க.

தென்னமெரிக்கச் சிறு மீன்கள் மென்னீரை விரும்புவன. ராமிரேசிக்கு 27 முதல் 30 டிகிரி வரை வெப்பமும் வேண்டும். தில்லி முதலிய வடபுலத்து நகரங்களில் குளிர்காலத்தில் நீர்ச்சூடாக்கி இன்றியமையாதது. ஆழ்துளைக் கிணற்றின் கடுநீரே கிடைக்கும் ஊர்களில், தூய மழைநீரைச் சேமித்துக் கலந்து கொள்ளலாம். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டை இட்டால், நீர் தேநீர் நிறங்கொண்டு, மீன்கள் அச்சம் நீங்கி உலவும்.

இனி, இனப்பெருக்கம். ராமிரேசி தட்டைக் கல்லின்மேல் முட்டையிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே காவல் காக்கும். அபிஸ்டோகிராமாவோ குகை தேடும். கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டையில் வாயில்போல் ஒரு துளை இட்டால் அதுவே போதும். பெண் மீன் உட்கூரையில் முட்டைகளை ஒட்டி, மஞ்சள் நிறம் பூண்டு, தன்னினும் பெரிய ஆணையும் விரட்டி நிற்கும். நீர் வெப்பமுற்றால் குஞ்சுகளுள் ஆண் மிகும் என்பதும் ஆய்ந்து கண்ட உண்மை. முதல் ஈற்றைப் பெற்றோரே தின்றுவிடுதல் உண்டு, மனம் தளரற்க. நீந்தத் தொடங்கும் குஞ்சுகளுக்கு உப்புநீரில் ஒன்றரை நாளுக்குள் பொரிக்கும் ஆர்ட்டீமியாவே தக்க உணவு.

இத்துணை தொலைவிலிருந்து வந்த மீன்களைப் போற்றும் நாம், அண்டையில் இருப்பதை அறியாதிருந்தோம். மலையாளத்தில் பள்ளத்தி என்று வழங்கும் மீன், கேரளம், தமிழகம், இலங்கை ஆகியவற்றின் உப்பங்கழிகளிலும் நன்னீரிலும் வாழ்வது. பொன்மஞ்சள் உடல், விலாவில் ஒரு கரும்புள்ளி, எட்டு சென்டிமீட்டர் அளவு. 1795இல் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை விவரித்தார். இதன் நெருங்கிய உறவினங்கள் வாழ்வதோ மடகாஸ்கர் தீவில்! தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைப் பேணுகின்றன. குஞ்சுகள் பெற்றோரின் தோலில் ஊறும் வழவழப்பான நீரையும் உண்கின்றன. கரிமீனின் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தூய்மை செய்வதும் பள்ளத்தியே. அதன் முட்டைகளைத் தின்பதும் பள்ளத்தியே. நண்பனும் கள்வனும் ஓருடலில்! கடுநீரையும் சிறிது உப்பையும் இது தாங்கும். ஆதலின் மென்னீர் கிடைக்காத ஊரில் வாழும் அன்பர்க்கு, ராமிரேசியைவிட இதுவே நல்ல தொடக்கம்.

முடிவாக ஒன்று. குஞ்சுகள் பெருகி இடம் போதாதபோது, சிலர் அவற்றை அருகிலுள்ள நீர்நிலையில் விட்டுவிடுகின்றனர். அதனை இரக்கம் என்று கருதுதல் தவறு. 1952இல் நம் நாட்டுக்குக் கொணரப்பட்ட திலேப்பியா, இன்று எத்தனையோ ஏரிகளில் உள்நாட்டு மீன்களை நெருக்கி நிற்கின்றது. தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியிலேயே ஆமையிழஞ்சான் என்னும் கால்வாய் ஓடி, ஆக்குளம் காயலில் கலக்கின்றது. 2024 ஜூலையில் அதில் அடைத்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். நமக்கு வேண்டாதன எல்லாம் நீரோடு போய்விடும் என்று எண்ணும் வழக்கத்தின் விலை அது. மிகுந்த குஞ்சுகளை மற்றோர் அன்பருக்குக் கொடுங்கள், ஆற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

வேற்றூரில் வாழும் நாம், அவ்வூர் நீரைக் குடித்து வாழ்கின்றோம். அந்நீரில் வாழும் உயிர்களை அறிந்து பேணுதலும் அவ்வூருக்கு நாம் செலுத்தும் நன்றியே ஆகும்.