மாலை ஆறு மணி வரை திறந்த கதவு

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை; பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ திடீரெனத் தாக்குகிறது. திருவனந்தபுரத்தின் தலைமைச் செயலக ஊழியருக்கு உடலுழைப்பின்மை காரணமாகலாம். கடலோர மீனவருக்கு உறக்கமற்ற இரவுகளும் உப்பு மிகுந்த உணவும் காரணமாகலாம். இருவருக்கும் தேவை இடையறாத சிகிச்சை. அதைப் பெறும் வாய்ப்போ சமமன்று. ஒருநாள் கூலியை இழந்துதான் வரிசையில் நிற்க வேண்டுமெனில், உழைப்பாளி மாத்திரையைக் கைவிடுவார்.

கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தி, புறநோயாளர் பிரிவை மாலை 6 மணி வரை நீட்டித்தது. உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை அவசியமே. அது மட்டும் போதாது. செவிலியர் பணியிடமும் இலவச மாத்திரை இருப்பும் குறையாதிருக்கப் போராடுவதும் சிகிச்சையின் பகுதியே. 30 வயது கடந்த தோழர்கள் முதலில் தமது அழுத்தத்தை அளந்தறிய வேண்டும்.