ராப்பால் மறக்கடிக்கும் கை



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் விடியுமுன்னே சாலையில் வந்து நிற்கும். அதைப் பிடிக்க நாலரைக்கே கிளம்பும் பெண்களில் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. ராத்திரி மூன்று தடவை பால், நாலு மணிக்கு விழிப்பு, அப்புறம் பகலெல்லாம் மிஷின் முன்னால் கண்ணைச் சொக்கும். "பால் மறக்கடிச்சிடு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அந்த மறக்கடித்தலை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். அதனாலேயே எது பக்குவமான கை, எது அவசரக் கை என்று சொல்லத் தோன்றுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த வழி வேப்பிலை. அரைத்து மார்பில் பூசிவிட்டால் கசப்பில் பிள்ளை முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொள்ளும். இது பாலை அடியோடு நிறுத்துகிற வயதுப் பிள்ளைக்கு ஏற்பட்ட வழி. எட்டு மாதக் குழந்தைக்கு இதைச் செய்தால் அதற்குப் பால் போகிறது, தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வருகிறது. மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது இன்னொரு வழி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் எழுதினார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் குறைந்ததைக் கண்டார்கள். ஆகவே பூவுக்கு வேலை செய்கிற சக்தி உண்டு. உண்டு என்பதால்தான், ராப்பாலை மட்டும் குறைக்க நினைக்கிறவள் அதைத் தொடக்கூடாது. பகல் பாலும் சேர்ந்து வற்றும். இரண்டு வயது வரையிலாவது தாய்ப்பால் தொடரட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் எட்டு மணி நேரம் அம்மாவைக் காணாத குழந்தை, அந்தப் பாலை ராத்திரியில் குடித்துத் தீர்த்துக்கொள்கிறது. அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவது அநியாயம், அது பிள்ளையின் பசி. ராத்திரியைக் குறைக்கப் பகலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ், நெய்விட்டுக் குழைத்த பருப்புச் சோறு. வீடு திரும்பியதும் அவசரமில்லாமல் ஒரு பால், படுக்குமுன் வயிறு நிறைய ஒரு பால். அப்புறம்தான் நடுராத்திரிப் பாலில் ஒன்றைக் குறைத்து, நாலைந்து நாள் பொறுத்து அடுத்ததைக் குறைப்பது. எடை ஏறாத பிள்ளைக்கு இது வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் எடை பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

இதில் உயிரான நுட்பம், பாலையும் தூக்கத்தையும் பிரிப்பது. மார்பில் வாய் வைத்தபடியே தூங்கிப் பழகிய பிள்ளை, இடையில் உறக்கம் மெலிந்து கண் விழிக்கும்போதும் அதையே தேடும். பாலின் இடத்தில் பாட்டு வரட்டும். பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் ஏழாம் மாதத்தை ஒட்டி வருகிறது. பாட்டால் உறங்கவைக்கும் பருவம் அது. புலவர்கள் அம்மாமார்களைப் பார்த்தே அதை அங்கே வைத்தார்கள் என்று நம்புகிறேன்.

பாடுகிற குரல் அம்மாவுடையதாக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், இல்லாமலிருப்பதே நல்லது. அம்மா அருகில் வந்தால் பால் வாசம் வரும், பிள்ளை கேட்கும். அப்பாவோ பாட்டியோ நெஞ்சில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தால் அழுதுவிட்டுச் சாயும். முதல் இரண்டு ராத்திரி அழும்தான். அணைத்த கைக்குள் அழுகிற அழுகை வேறு, தனியே விட்ட அழுகை வேறு. இரண்டாவதை நம் வீடுகள் ஒருநாளும் ஏற்றதில்லை. அதில் எனக்குப் பெருமை.

விடியல் விழிப்புக்கும் காரணம் உண்டு. கடைசி ஜாமத்தில் உறக்கம் தானாகவே மெலிது. அந்த நேரம் அடுப்படியில் விளக்கு எரிந்து, பாத்திரம் உருண்டு, அம்மா கிளம்பும் அரவமும் கேட்டால் எந்தப் பிள்ளை தூங்கும்? எழுந்ததும் பாலும் கிடைத்தால் மறுநாளும் அதே நேரத்துக்கு விழிக்கும். லேட்டாகப் படுக்கவைத்தால் லேட்டாக எழும் என்பதும் பெரும்பாலும் பலிப்பதில்லை. களைத்த பிள்ளை முன்னதாகவே எழுந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பை 26 வாரம் ஆக்கியது. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுத்தவளுக்கு மிச்சம் 18 வாரம். நாலு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு லைனில் நிற்கிறாள். அந்த வயதில் ராப்பாலை நிறுத்தச் சொல்வது பாவம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்குப் பாட்டியும் பக்கத்தில் இல்லை. அவளுக்குக் காப்பகம் இன்னும் அவசியம்.

லைன் வீடு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மறுநாள் உடுத்தும் சுடிதாரை முதல்நாள் ராத்திரியே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாள் அந்தத் தாய். நாலரைக்கு இருட்டிலேயே எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே தூளி அசைந்து ஒரு சிணுங்கல் கேட்டது. மதிய ஷிப்ட் முடித்து ராத்திரி பத்தரைக்கு வந்து படுத்த கணவன் கையை நீட்டித் தூளிக் கயிற்றைப் பிடித்தான். விளக்கு போடவில்லை. ஏதோ ஒரு ராகம், வார்த்தை தெரியாமல் முனகினான். அவள் வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்டாள். சிணுங்கல் நின்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.